முனையில்லாக் குழாய்கள்

குழாய் முனை அளவியல் வாரியத்தில் குழாயைக் கண்டால் யாருக்கும் ஆகாது. குழாய் என்பது பின்புறக் கொட்டகையில் துருவும் எண்ணெயுமாகக் கிடக்கிற சாமான். வாரியமோ மூன்று மாடி, முகம் தெரிகிற தரை, ஆளுக்கொரு சுழல் நாற்காலி. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட ஒருவருக்குச் சுற்றறிக்கை ஒன்றை எடுத்து நீட்டினார்களாம். படித்தவர் அப்புறம் எதையுமே கேட்கவில்லையாம்.

அத்தனை பேரில் குழாயைத் தொட்டுப் பார்த்த கை ஒன்றே ஒன்றுதான், மில்லியின் கை. அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. எதையும் மில்லிமீட்டரில் சொல்லியே பழகியதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கதவு சரியாகச் சாத்தவில்லையே என்று மற்றவர்கள் அலுத்துக்கொண்டால், "மூணு மில்லி இறங்கியிருக்கு" என்பான். கொட்டகையில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு குழாயின் வாயிலும் வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்து, சாக்குக்கட்டியால் எழுதி அனுப்புவது அவன் வேலை. பதினோரு வருஷமாகச் செய்கிறான்.

குழாயின் வாய் வட்டமாக இருக்கும் என்றுதானே நினைக்கிறோம்? இருக்காது. பன்னிரண்டு மீட்டர் நீளம், அரை டன் எடை. அப்படிப்பட்ட இரும்பை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, லாரியில் ஏற்றி இறக்கினால் வாய் கொஞ்சமாவது நசுங்கத்தான் செய்யும். ஒன்று மேலும் கீழும் நசுங்கியிருக்கும், இன்னொன்று பக்கவாட்டில். இரண்டையும் வாயோடு வாய் வைத்தால் உள்ளே ஒரு படி நிற்கும். அந்தப் படி ஒன்றரை மில்லியைத் தாண்டிவிட்டால் வெல்டர் தலைகீழாக நின்றாலும் வெல்டிங் உள்ளே இறங்காது. எக்ஸ்ரேயில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுந்தால் 'வெல்டர் சரியில்லை' என்று எழுதுவார்கள். 'குழாய் சரியில்லை' என்று எழுதப் படிவத்தில் இடம் கிடையாது.

மில்லியின் தங்கையைக் கட்டியவன் வெல்டர். ஆஸ்பத்திரிக்கு நீராவி கொண்டுபோகிற குழாய்வழியில் அவனுக்கு வேலை. மூன்று இணைப்பு எக்ஸ்ரேயில் தேறாவிட்டால் வெல்டர் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். அட்டை போனால் எந்த வேலைத்தளத்திலும் வெல்டிங் கம்பியைக் கையால் தொட விட மாட்டார்கள். அவனுக்கு இரண்டு போய்விட்டிருந்தது.

தங்கை வீட்டுக்கே வந்து அழுதாள். "அண்ணா, அவரு சரியா சாப்பிடறதே இல்ல. சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. பதினாலு வருஷத்துல அவரு வச்ச ஜாயிண்ட் ஒண்ணு ஒழுகினதில்ல. இன்னும் ஒண்ணு போச்சுன்னா முடிஞ்சுது. நீ அங்கதானே இருக்க? ஏதாவது செய்யேன்."

ஏதாவது செய்யலாம் என்று மில்லிக்கும் தெரியும். வெர்னியரால் வாயை நாலு இடத்தில் தொடலாம், ஐந்து இடத்தில் தொடலாம். முழு வாயும் எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. லேசர் ஸ்கேனர் என்று ஒன்று வந்திருக்கிறது. குழாய் வாயில் சொருகி ஒரு பொத்தானை அமுக்கினால், செந்நிற ஒளி ஒரு சுற்றுச் சுற்றி, ஆயிரக்கணக்கான புள்ளிகளில் அளந்து, எங்கே நசுங்கியிருக்கிறது என்று படமே போட்டுக் காட்டிவிடும். எந்தக் குழாய்க்கு எது ஜோடி, எவ்வளவு திருப்பி வைத்தால் வாயோடு வாய் பொருந்தும் என்று எழுதி அனுப்பிவிடலாம். வெல்டருக்குத் தலைவலி இல்லை. மில்லி விண்ணப்பம் எழுதினான். அது வருகிறவரை, வெர்னியரில் ஓரளவு தேறிய குழாய்களாகப் பார்த்து ஆஸ்பத்திரி வேலைக்கு அனுப்பிவைத்தான். எட்டு மாதம் கழித்து, அவனே நம்பாதபடி, ஸ்கேனர் வந்தும் விட்டது. நாலு கிலோ எடை. மேலே ஒரு நல்ல கைப்பிடி. கையேட்டின் முதல் பக்கத்தில் ஒரு ஆள் அதைத் தூக்கிக்கொண்டு குழாய் அடுக்குகளுக்கு நடுவே சிரித்தபடி நடக்கிற படம்.

திறப்பு விழாவில் இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே! இன்று முதல் நம் வாரியம் துல்லியத்தின் யுகத்துக்குள் நுழைகிறது. நேற்று வரை நாம் அளந்ததெல்லாம் தப்பு. தப்பு என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் நான் சொல்லவில்லை. ஏன்? ஒரு தப்பு எவ்வளவு தப்பு என்று சரியாகச் சொல்ல நம்மிடம் கருவி இல்லை. கருவியில்லாமல் உண்மை பேசுகிறவன் நான் அல்ல!"

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு ஸ்கேனரை மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தூசி புகாத கண்ணாடி அறை, இருபது டிகிரிக்குக் குறையாமலும் கூடாமலும் ஒரே குளிர், நடுவில் கருங்கல் மேடை. மேடைமேல் வைத்து, நாலு பக்கமும் திருகாணியால் இறுக்கினார்கள்.

மில்லி மெதுவாகத் துணை இயக்குநரிடம் போனான். "சார், இதைக் கொட்டகைக்கு எடுத்துட்டுப் போகணுமே. அதுக்குத்தானே கைப்பிடி வச்சிருக்கான்?"

"கைப்பிடி பெட்டியிலேர்ந்து எடுக்கறதுக்குய்யா. எடுத்தாச்சுல்ல?" என்றார் துணை இயக்குநர். அன்று மாலையே கைப்பிடியைக் கழற்றி, எண் போட்டு, கிடங்கில் ஒப்படைத்துவிட்டார்கள்.

அப்புறம்தான் ஒரு சின்னச் சங்கடம் தெரியவந்தது. குழாய் பன்னிரண்டு மீட்டர். லிஃப்ட் இரண்டு மீட்டர். குழு போட்டார்கள். ஜன்னல் வழியாகக் கிரேனால் ஏற்றலாம் என்றார் ஒருவர். தூசி வருமே என்றார் இன்னொருவர். நாற்பத்தோரு நாள் இப்படியே காதைச் சுற்றி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பத்திரண்டாம் நாள் துணை இயக்குநருக்கு ஞானம் பிறந்தது.

"நம்ம வாரியம் பேரு என்ன? குழாய் முனை அளவியல் வாரியம். குழாய் அளவியல் வாரியம் இல்ல. முழுக் குழாயையும் மேல கொண்டுவரச் சொல்லி எந்த விதியிலயும் இல்ல. முனையை மட்டும் வெட்டிக் கொண்டாங்க. நாலு விரக்கடை போதும்."

மில்லிக்குத் தன் காதுமேலேயே சந்தேகம் வந்தது. "சார், செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டற கதையா இருக்கே!"

"காலை யாருய்யா வெட்டச் சொன்னா? நகத்தைத்தான் வெட்டறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு குறிப்பேட்டில் ஏகமனதான ஒப்புதல் என்று பதிவாயிற்று.

ரம்பம் வந்தது. ஒவ்வொரு குழாயின் இரண்டு முனையிலிருந்தும் நாலு விரற்கடை வளையத்தை அறுத்தார்கள். அழுக்கு வளையம் கண்ணாடி அறைக்குள் போகக் கூடாதல்லவா? ஆகவே கழுவினார்கள், துடைத்தார்கள். அறுத்த பிசிறு ஸ்கேனரின் கண்ணைக் குத்தும் என்று யாரோ சொல்ல, லேத்தில் மாட்டி உள்ளும் புறமும் சீவி வட்டமாக்கினார்கள். பிறகு வெல்வெட் தட்டில் வைத்து மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே மில்லி தொப்பி, முகமூடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கினான். செவ்வொளி ஒரு சுற்று. திரையில், வாய் எத்தனை மில்லி கோணல் என்ற எண்: புள்ளி பூஜ்யம் ஒன்று. அடுத்த வளையம்: புள்ளி பூஜ்யம் ஒன்று. உலகத்தில் எந்தக் குழாய்க்கும் இல்லாத வட்டம். வளையத்தைப் பஞ்சில் பொதிந்து, சான்றிதழோடு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

மூன்றாம் நாள் மில்லியால் பொறுக்க முடியவில்லை. இயக்குநரின் அறைக் கதவைத் தட்டிவிட்டான்.

"சார், முனையை வெட்டி எடுத்துட்டோம். சரி. ஆனா வெட்டின இடத்துல குழாய்க்குப் புதுசா ஒரு முனை வந்துருச்சே. அதை யாரும் அளக்கலையே."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு குழாய்க்கு எத்தனை முனை?"

"ரெண்டு சார்."

"ரெண்டும் எங்க இருக்கு?"

"அலமாரியில."

"அப்ப கொட்டகையில இருக்கறது?"

மில்லி விழித்தான். "அதுவும்... முனைதானே சார்?"

"மூணாவது முனை, நாலாவது முனை! நாளைக்கு அதையும் வெட்டி அளந்தா அஞ்சு, ஆறுன்னு வருவே. கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பானாலும் உனக்கு முனை தீராது. அறிவியல்ல ஒரு ஒழுங்கு வேணும்யா."

ஒழுங்குக்காக மறுநாளே சுற்றறிக்கை வந்தது. குழாய் ஒன்றுக்கு முனை இரண்டே என்றும், அவை அளக்கப்பட்டு வாரியத்தின் பாதுகாப்பில் உள்ளன என்றும், எஞ்சியது 'நடுப்பகுதி' என்றும், அது இனி 'முனையில்லாக் குழாய்' என்ற பெயரில் வேலைத்தளங்களுக்கு அனுப்பப்படும் என்றும் அதில் இருந்தது. ஒவ்வொரு குழாயின் மேலும் அதை மஞ்சள் பெயிண்டில் எழுதவே தனியாக இரண்டு ஆட்கள் போட்டார்கள்.

இத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை, பைத்தியக்காரத்தனம் என்று விட்டுத்தொலைக்கலாம். ஆனால் ரம்பம் அறுக்க வேண்டுமென்றால் குழாய் ஆடாமல் நிற்க வேண்டும். ஆடாமல் நிற்க, வாய்ப்பக்கமாகவே இரும்புப் பிடியில் போட்டு இறுக்கினார்கள். இறுக்கினால் என்ன ஆகும்? மில்லி ஒளித்துவைத்திருந்த வெர்னியரை எடுத்துப்போய் அளந்தான். மூன்றரை மில்லி. அடுத்தது மூன்றே முக்கால். முன்பெல்லாம் பத்துக் குழாயில் இரண்டு நசுங்கியிருக்கும். இப்போது அளக்கிறோம் பேர்வழி என்று பத்தையும் நசுக்கியிருந்தார்கள். சாக்குக்கட்டியால் ஒவ்வொன்றிலும் அளவை எழுதினான். மறுநாள் எல்லாவற்றையும் தின்னர் போட்டுத் துடைத்திருந்தார்கள். முனையில்லாக் குழாயில் முனையின் அளவை எழுதிய குற்றத்துக்கு அவனுக்கு ஒரு மெமோ.

இரண்டு வாரத்தில் தங்கை மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. "மச்சான், என்ன குழாய் அனுப்பறீங்க? முட்டையாட்டம் இருக்கு. ஜாக்கி போட்டு இழுத்தாலும் வாய் சேர மாட்டேங்குது. இஞ்சினியரு இன்னைக்கே முடிச்சாகணும்னு நிக்கிறாரு."

"பத்தவைக்காதே மாப்ள! தயவுசெஞ்சு பத்தவைக்காதே!"

"வைக்கலன்னா வேலைக்கு வர வேண்டாங்கறாரு. வச்சா அட்டை போயிரும். நீயே சொல்லு, நான் என்ன பண்ணட்டும்?"

மாப்பிள்ளை பற்றவைத்தான். எக்ஸ்ரேயில் கோடு பளிச்சென்று விழுந்தது.

அட்டையைப் பறிப்பதற்கு முன் விசாரணை நடத்த வேண்டும் என்பது விதி. விசாரணை மூன்றாம் மாடியில், கண்ணாடி அறையிலேயே நடந்தது. இயக்குநர், துணை இயக்குநர், எழுதுவதற்குப் பதிவாளர், வேலைத்தள இஞ்சினியர். எதிரே மாப்பிள்ளை. இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் சும்மா வரவில்லை. அதே தொகுதியில் பற்றவைக்காமல் மிச்சமிருந்த ஒரு குழாயை லாரியில் போட்டுக் கொண்டுவந்து கீழே முற்றத்தில் இறக்கியிருந்தான்.

இயக்குநர் வெல்வெட் தட்டிலிருந்து இரண்டு வளையங்களை எடுத்து நீட்டினார். "நீங்க பத்தவச்ச ரெண்டு குழாயோட முனைங்க. தொட்டுப் பாருங்க. எங்கயாவது நசுங்கியிருக்கா?"

மாப்பிள்ளை கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். "இல்ல சார். தங்கமா இருக்கு."

"எழுதிக்குங்க. முனை தங்கமா இருக்குன்னு வெல்டரே ஒத்துக்கிட்டார்."

"ஆனா நான் பத்தவச்சது இதை இல்லையே சார்!"

"பின்ன எதை?"

"நீங்க அனுப்பின குழாயை."

"அதுல முனை இருந்துச்சா?"

"இருந்துச்சே!"

"அங்கதான் தப்பு பண்ணிட்டீங்க," என்றார் துணை இயக்குநர் வருத்தமாக. "முனையில்லாக் குழாய்னு மஞ்சள் பெயிண்ட்ல கொட்டை எழுத்துல எழுதியிருக்கோம். படிக்கலையா?"

மாப்பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். யாராவது சிரித்துவிடுவார்கள், இது விளையாட்டு என்று தெரிந்துவிடும் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது. ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியில் மில்லியைப் பார்த்தான்.

"ஸ்கேனர் இயக்குபவர் சொல்லட்டும்," என்றார் இயக்குநர். "நீ அளந்த அளவெல்லாம் உண்மையா, பொய்யா?"

"உண்மைதான் சார், ஆனா..."

"எழுதிக்குங்க. உண்மை."

"ஆனா அது குழாயோட அளவு இல்ல சார்!"

பதிவாளர் 'உண்மை' என்று எழுதி, அடியில் கோடு போட்டு, பேனாவை மூடிவிட்டார்.

அப்போது மில்லிக்கு என்ன வந்ததோ, மேடைக்குப் போனான். பாக்கெட்டிலிருந்த திருப்புளியால் நாலு திருகாணியையும் கழற்றினான். கைப்பிடிதான் இல்லையே? ஸ்கேனரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினான். "ஏய்! ஏய்!" என்று ஒரு மாடி முழுக்க அவன் பின்னால் ஓடிவந்தது. குளிர் போய்விடும் என்று யாரோ கண்ணாடிக் கதவைச் சாத்த ஓடினார்கள்.

முற்றத்தில் வெயில் கொளுத்தியது. மில்லி குழாயின் வாயைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, ஸ்கேனரைச் சொருகி, பொத்தானை அமுக்கினான். செவ்வொளி ஒரு சுற்று. வந்துசேர்ந்த அத்தனை பேரும் திரையைப் பார்த்தார்கள். கோழிமுட்டை மாதிரி ஒரு படம். கீழே எண்: மூன்று புள்ளி ஆறு இரண்டு.

"பாத்தீங்களா?" என்றான் மில்லி. "பிரம்மாவே வந்தாலும் இதைப் பத்தவைக்க முடியாது சார். இவன் மேல தப்பில்ல. எல்லாரும் பாத்தீங்க இல்ல?"

எல்லோரும்தான் பார்த்தார்கள். இஞ்சினியர் லாரியின் டயரைப் பார்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் மில்லிக்கு ஜெயித்துவிட்டோம் என்றே தோன்றிற்று.

"இப்ப எத்தனை டிகிரி?" என்றார் இயக்குநர்.

"முப்பத்திநாலு சார்," என்றார் துணை இயக்குநர்.

"இருபதுல இது என்னவா இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"தலைமுடி கனம்கூட மாறாது சார்!" என்று மில்லி கத்தினான்.

பதிவாளர் பேனாவைத் திறந்தார். அவர் நல்ல மனுஷர், எதையும் எழுதாமல் விடுகிறவர் அல்ல. "எழுதிக்கறேன் தம்பி. முனை எண் சொல்லுங்க."

"மூணு."

"கட்டம் ரெண்டுதான் இருக்கு."

"அப்ப ஒண்ணுன்னே போடுங்க சார், புண்ணியமா போகும்."

"ஒண்ணு மேல அலமாரியில இருக்கே. புள்ளி பூஜ்யம் ஒண்ணு. நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

பேனாவை மறுபடி மூடினார். இயக்குநர் அங்கேயே, வெயிலிலேயே, தீர்ப்பு சொன்னார். குளிரை விட்டு வெளியே வந்ததால் ஸ்கேனர் நம்பகத்தன்மையை இழந்துவிட்டது. அதை ஆறு மாதம் ஓய்வில் வைக்க வேண்டும். அதுவரை வளையங்களுக்கு வழக்கமான அளவை மில்லி கையாலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும், அதுதான் அவனுக்குத் தண்டனை. இல்லாத முனையைப் பற்றவைத்த வெல்டரின் அட்டை ரத்து.

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தான். பதினாலு வருஷ அட்டை. ஓரமெல்லாம் தீப்பொறி பட்டுக் கருகியிருந்தது. பதிவாளர் அதைத் துணியால் துடைத்து உறையில் போட்டுக்கொண்டார். மில்லிக்கு அந்த மனிதரின் கையை முறித்தால் என்ன என்று வந்தது. முறிக்கவில்லை. தூ, இதையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

வாரியத்துக்கு மனசாட்சி இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. துணை இயக்குநர் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டார். "குடும்பஸ்தன். பாவமா இருக்கு. நம்ம ரம்பத்துக்கு ஒரு ஆள் குறையுது. அட்டை கிட்டை ஒண்ணும் வேண்டாம். திங்கக்கிழமை வந்துரு."

அன்று சாயங்காலம் தங்கை போன் செய்தாள். "அண்ணா, நீ இல்லன்னா என்ன ஆகியிருப்போம்! எப்படியோ பேசி அவருக்கு உன் ஆபீஸ்லயே வேலை வாங்கிக் குடுத்துட்டியே. இன்னைக்குத்தான் நல்லா சாப்பிட்டாரு." மில்லி 'ம்' என்றான்.

திங்கட்கிழமை மாப்பிள்ளை குழாயைப் பிடியில் போட்டு இறுக்கினான். வாய் நசுங்குவது கண்ணெதிரே தெரிந்தது. பதினாலு வருஷம் குழாய் வாயையே பார்த்த கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? கை நின்றது. மில்லி சான்றிதழ்க் கட்டோடு பக்கத்தில் நின்றான்.

"இந்தக் குழாய் எங்க போகுது மச்சான்?"

"அதே ஆஸ்பத்திரி லைனுக்குத்தான்."

"எனக்குப் பதிலா யாரு வந்திருக்கா?"

"யாரோ புதுசு. அட்டை வாங்கி ரெண்டு மாசம்தான் ஆகுதாம். கைக்குழந்தை இருக்குன்னாங்க."

மாப்பிள்ளை ரம்பத்தை ஓட்டினான். வளையம் டணங்கென்று தட்டில் விழுந்தது. அதை எடுத்து, பிசிறைத் தட்டிவிட்டு, மில்லியிடம் நீட்டினான்.

"எழுது மச்சான். என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே? எனக்கும் பிள்ளைங்க இருக்கு."

மில்லி சான்றிதழை முழங்காலில் வைத்து, புள்ளி பூஜ்யம் ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.